விலங்குச் சோதனைக்கு மாற்று தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனித உயிரணுக்களைக் கொண்டு ஆய்வகத்தில் வளர்க்கும் திசு மாதிரிகளில் மருந்துகளைச் சோதிக்கும் முயற்சியை, நெடுங்காலம் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் மனமார வரவேற்கிறேன். மயக்கமூட்டிய தவளைகளை மாணவர்களிடம் அறுக்கக் கொடுத்த நாட்கள் இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றன.

விலங்குகள் தாங்கும் மருந்தை மனித உடலும் தாங்கும் என்ற உறுதி இல்லை. 2006இல் லண்டனில் நடந்த சோதனையில், குரங்குகளுக்குத் தீங்கு செய்யாத டிஜிஎன்1412 என்ற மருந்து, அவற்றுக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் 500இல் ஒரு பங்கே மனிதர்களுக்குச் செலுத்தப்பட்டபோதும், ஆறு தன்னார்வலர்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பியது.

இந்தியாவும் 2023 மார்ச்சில் மருந்து விதிகளைத் திருத்தி, உறுப்புச் சில்லு (மனித உயிரணுக்களை வைத்து ஓர் உறுப்பைப் போல் இயங்கச் செய்யும் சிறு கருவி), முப்பரிமாணத் திசு ஆகியவற்றுக்கு இடமளித்துள்ளது. முழு உடலின் இயக்கத்தை இவை இன்னும் ஈடுசெய்யவில்லை என்பதாலேயே ஆய்வுகள் பெருக வேண்டும். அறுவை சிகிச்சையில் அகற்றப்படும் தோலை, நோயாளியின் எழுத்துபூர்வ ஒப்புதலுடன், திசு வளர்ப்புக்குப் பயன்படுத்தலாம். வீணாகும் அதைக் கொண்டு ஆய்வு செய்ய, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியில் சிறு திசு வளர்ப்புக்கூடம் ஒன்றை அமைக்குமாறு தமிழக அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.