தெருமுனைக் கடைக்கே போங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் பக்கத்து வீட்டுத் தம்பதி இந்தியச் சாப்பாட்டை இதுவரை வாயில் வைத்ததே இல்லை என்று எழுதியிருந்தாய். பர்மிங்காமில் இருந்துகொண்டு அது எப்படி முடியும் என்று உன் அம்மாவுக்கு ஆச்சரியம். வேல்ஸ் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகன் வீட்டோடு இருக்க இப்போதுதான் வந்தவர்கள் என்று படித்துக் காட்டிய பிறகுதான் ஓய்ந்தாள்.

சனிக்கிழமை அவர்களைக் காரில் தூரத்துத் தோசைக்கடைக்கு அழைத்துப் போகலாமா, தெருமுனை உணவகமே போதுமா என்று கேட்டிருக்கிறாய். தெருமுனைக்கே போ. பிடித்துப்போனால் நாளைக்கு அவர்களே நடந்து போய்ச் சாப்பிட்டுக்கொள்வார்கள். போகிற இடத்தில் மட்டும், 'எங்கள் வீட்டில் இப்படிச் செய்ய மாட்டோம்' என்று ஆரம்பிக்காதே. அந்த வழக்கம் உனக்கு உண்டு.

நாங்கள் அங்கே வந்திருந்தபோது, நான் மெஸ் நடத்துகிறவன் என்று தெரிந்ததும் அந்தத் தெருமுனைக் கடை முதலாளி என்னை அடுப்படிக்கே கூட்டிக்கொண்டு போனார். அவர் சில்ஹெட்காரர். அந்த நாட்டில் 'இந்திய' என்று பலகை மாட்டிய கடைகளில் ஏராளமானவை வங்கதேசத்துச் சில்ஹெட்காரர்கள் நடத்துவதுதான். கப்பலில் கரி அள்ளப் போன அந்த ஊர்க்காரர்களில் சிலர் லண்டனில் இறங்கி, பிறகு கடை வைத்தார்கள். அவர் அடுப்பில் ஒரு பெரிய அண்டா. மூட்டை வெங்காயத்தை இஞ்சி, பூண்டு, கொஞ்சம் தக்காளி, மஞ்சள், சீரகத்தோடு குழைய வேகவைத்து அரைத்த குழம்பு; ரசத்தைவிடச் சற்றுக் கெட்டி. ஆர்டர் வந்ததும் வாணலியில் எண்ணெய், மசாலாப் பொடி, இந்தக் குழம்பில் ஒரு கரண்டி. ஓரம் பிடித்து எண்ணெய் பிரிகிற வரை வற்றவிட்டு, மறுபடி ஒரு கரண்டி. வெந்த கோழி உள்ளே விழுந்து சில நிமிடங்களில் தட்டு வெளியே போய்விடுகிறது. நம் பரோட்டாக் கடைச் சால்னா மாதிரி, ஒரே அண்டாவிலிருந்து பத்து விதம். அந்த வேகத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அதைப் போலி என்று சொல்ல எனக்கு வாய் வராது. பல ஊர்க் கைகள் சேர்ந்து அந்த நாட்டு வாய்க்காக உண்டாக்கிய சமையல் அது.

பட்டியலில் 'மெட்ராஸ்' என்று ஒரு குழம்பு இருக்கும். சென்னையில் யாருக்கும் அப்படியொரு குழம்பு தெரியாது. காரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் படி அது: குருமா அடியில், மெட்ராஸ் நடுவில், விண்டாலூ அதற்கு மேலே, 'ஃபால்' உச்சியில். குருமாவும் நம்முடையது அல்ல. கிரீமும் தேங்காயும் பாதாமும் சேர்ந்து தித்திக்கும். அந்த அம்மாளுக்கு அதையே ஆர்டர் செய். பாதாம், முந்திரி ஒத்துக்கொள்ளுமா என்று வீட்டிலேயே கேட்டுவிடு. ஐயாவுக்குச் சிக்கன் டிக்கா மசாலா. 2001-இல் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சர் ராபின் குக், அதுவே பிரிட்டனின் தேசிய உணவு என்று மேடையில் பேசினார். ஆகவே ஐயா சொந்த ஊர்ச் சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறார். தந்தூரி கொஞ்சம், ஒரு பருப்பு, ஒரு நாண், ஒரு புலாவ், அவ்வளவு போதும். உங்கள் ஊரிலேயே 1970-களில் பாகிஸ்தானியர் கடைகளில் பிறந்த, வாணலியோடே பரிமாறும் பால்டி என்கிற குழம்பு இன்னொரு நாளைக்கு இருக்கட்டும்.

அங்கே ஆளுக்கொரு தட்டு வாங்கி அவரவர் தட்டை அவரவர் காலி செய்வதுதான் வழக்கம். எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வோம் என்று நீயே முதலில் சொல்லிவிடு. அப்பளம் வந்ததும் கூடவே ஊறுகாய்த் தட்டும் வரும். மாங்காய்ச் சட்னி இனிப்பு, பயமில்லை. எலுமிச்சை ஊறுகாயை உன் பக்கம் நகர்த்திக்கொள். புலாவில் ஏலக்காயும் பட்டையும் கிராம்பும் முழுசாகக் கிடக்கும். அவற்றைக் கடிக்க வேண்டாம், ஓரத்தில் ஒதுக்கலாம் என்று முன்கூட்டியே சொல். தெரியாமல் ஏலக்காயைக் கடித்தவர் அன்றைக்கு வேறெதையும் ருசிக்க மாட்டார்.

காரம் ஏறிவிட்டால் தண்ணீரை நீட்டாதே. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, பீரும் கைகொடுக்காது. பாலில் உள்ள புரதம்தான் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். முதலிலேயே லஸ்ஸி சொல்லி வை. கையால் சாப்பிடு என்று வற்புறுத்தாதே. நீ நாணைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிடு. பார்த்துவிட்டு அவர்களாகவே செய்தால் செய்யட்டும்.

பேச்சு ஓடவில்லை என்றால் தீன் முகமது கதையைச் சொல். பாட்னாவில் பிறந்தவர், 1810-இல் லண்டன் ஜார்ஜ் தெருவில் உணவகம் திறந்தார். கறியும் சோறும் ஹூக்காவும் உண்டு. இரண்டே ஆண்டில் நொடித்துப்போனார். மெஸ்காரன் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பாசம்.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு அனுப்பியிருக்கிறாள். வந்து சேர்ந்ததும் ஆசையில் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதே. கொஞ்ச நாள் போகட்டும்.

அன்புடன்,
அப்பா