சனிக்கிழமைப் பயணம் பற்றி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. சனிக்கிழமை விடிகாலையில் நீயும் உன் மகனும் திருச்சியிலிருந்து ஆளுக்கொரு வண்டியில் கிளம்பிப் பகல் சாப்பாட்டுக்குப் புதுச்சேரி வந்துவிடுவதாகவும், தாம்பரத்திலிருந்து நான் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வந்து சேர்ந்துகொள்ள வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். வங்கக்கடலில் உருவாகியிருக்கும் தாழ்வு மண்டலத்தைப் பற்றி மட்டும், "வானிலைக்காரர்கள் சொல்லி எந்த மழை வந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். நான் வரவில்லை, நீங்களும் கிளம்ப வேண்டாம்.

2024 நவம்பர் கடைசியில் இதே போல ஒரு சனிக்கிழமை நாம் புதுச்சேரியில் சந்திப்பதாக இருந்து, நீ வர முடியாமல் போய், நானும் பாதி வழியில் பஞ்சராகித் திரும்பிவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? பஞ்சர் ஆகவே இல்லை. அந்த வாரம் வியாழக்கிழமை கேட்ட செய்தியில், அப்போது வங்கக்கடலில் இருந்த புயல் சின்னம் வலுவிழந்து தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அதையே நம்பிக்கொண்டு, வெள்ளிக்கிழமை பிற்பகலில் அது ஃபெஞ்சல் புயலாக மாறியதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல், 30ஆம் தேதி விடிகாலையில் மழைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முன்னறிவிப்பு பொய்த்துவிட்டது என்று பிறகு நானும் கொஞ்ச நாள் பேசிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் நான்தான் இரண்டு நாள் பழைய அறிவிப்பை வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தவன்.

மழை எனக்குப் பெரிய தொல்லையாக இல்லை. முட்டுக்காடு வரை வீடுகளும் மதில்களும் சவுக்குத் தோப்புகளும் காற்றை மறைத்துக்கொண்டே வந்தன. பாலத்தில் ஏறியதும் இடப்பக்கம் கடல், வலப்பக்கம் கழிமுகம், நடுவில் நான். வண்டியைக் கடல் பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் அது நேராகப் போனது. கோவளத்தில் ஒரு கடை ஓரம் நிறுத்தி, தேநீர் குடித்துவிட்டுத் திரும்ப முடிவு செய்தேன். ஆனால் வந்ததைவிடத் திரும்பியதுதான் மோசம். இப்போது கடலும் காற்றும் வலப்பக்கம். காற்றுக்கு எதிராக வலப்பக்கம் சாய்ந்து வந்துகொண்டிருந்தபோது, ஒரு பேருந்து அதே பக்கமாக என்னை முந்தியது. அதன் நீளம் முழுவதும் காற்றை மறைத்துக்கொண்ட அந்த இரண்டு மூன்று நொடிகளில், சாய்ந்திருந்த வண்டி எதிர்த்துத் தள்ளும் காற்று இல்லாமல் பேருந்தின் பின் சக்கரத்தை நோக்கியே போயிற்று. நிமிர்த்தி எடுத்த கணத்தில் பேருந்து கடந்துவிட, மொத்தக் காற்றும் வந்து அறைந்து சாலையின் இடது ஓர மண்ணில் தள்ளியது. விழவில்லை என்பதில் என் திறமை எதுவும் இல்லை.

மணிக்கு 31 முதல் 50 கிலோமீட்டர் வரை காற்றிருந்தால் தாழ்வு மண்டலம், 62ஐ எட்டினால் புயல் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். கேட்பதற்குச் சின்ன வித்தியாசமாகத்தான் தோன்றும். ஆனால் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. முட்டுக்காட்டில் திறந்தவெளி கொஞ்ச தூரம்தான். மரக்காணத்து உப்பளங்களின் ஓரம் மறைவே இல்லாத சாலையில் அன்றைக்கு என் கதி என்னவாகியிருக்கும் என்று இப்போதும் சில இரவுகளில் நினைத்துக்கொள்வேன்.

அத்தோடு முடிந்திருந்தால்கூட உன்னிடம் பொய் சொல்லியிருக்க மாட்டேன். பெரும்பாக்கம் அருகே முழங்கால் தண்ணீரில் வண்டி நின்றது. தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதே, எஞ்சினுக்குள்ளே தண்ணீர் போயிருந்தால் அது காற்றைப் போல அமுங்காது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிறவன் நான். சொல்லிக்கொண்டே மூன்று தடவை பொத்தானை அழுத்தினேன். மறுநாள் மெக்கானிக் ஆயில் போல்ட்டைத் திறந்தபோது, தண்ணீரோடு கலந்துபோன ஆயில் பால் விட்ட தேநீர் நிறத்தில் வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் என்னை ஒரு பார்வை பார்த்தார். ராடு தப்பியது என் அதிர்ஷ்டம்.

இனி உன் வழிக்கு வருகிறேன். ஞாயிறு மாலைக்குள் மழை விட்டுவிடும், திங்கட்கிழமை காலை நிதானமாகத் திரும்பலாம் என்று எழுதியிருக்கிறாய். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்கள். இங்கே அது தூவானமாக இருக்காது. ஃபெஞ்சல் சனிக்கிழமை இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகர மனமில்லாமல் அங்கேயே நின்று, ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் கொட்டித் தீர்த்தது. ஆனால் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை அரசூரில் அடைபட்டது திங்கட்கிழமை. உள் மாவட்டங்களில் பெய்த மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட, தென்பெண்ணை சாலை மேல் ஏறி ஓடியது. விக்கிரவாண்டிப் பக்கம் பாலத்தைத் தண்ணீர் தொட்டதால் ரயில்களும் நின்றன. ஆகவே வண்டியைப் போட்டுவிட்டு ரயிலில் வருகிறேன் என்றும் ஆரம்பிக்காதே.

ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் 12 முதல் 20 செ.மீ. வரை மழை என்பது உனக்குத் தெரியும். அது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்வதன் கணக்கு. அந்த 24 மணி நேரத்தில் பரவலாகத் தூறுமா, நீ விழுப்புரம் தாண்டும் இரண்டு மணி நேரத்தில் மொத்தமாக இறங்குமா என்பதை அந்த நிறம் சொல்லாது. முந்தைய நாள் இரவும் கிளம்பும் காலையும் ரேடார் படத்தைப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். காரைக்கால் ரேடார் உன் வழிக்குப் பொருத்தமானது.

நீ தனியாக வருவதாக இருந்தால் இவ்வளவு வற்புறுத்தியிருக்க மாட்டேன். முப்பது வருடமாக ஓட்டுகிறாய், உன் கழுத்து உன் பொறுப்பு. உன் மகன் வருவது 110 சிசி ஸ்கூட்டரில். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் வசதியை 2019இல் கட்டாயமாக்கியது 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான். அவனுடையதில் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்குமே தவிர, ஈரத்தில் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்க ஒன்றும் இல்லை. சின்னச் சக்கரம், முன்னால் அகன்ற தகடு. குறுக்குக் காற்றுக்கு அது பாய் விரித்த மாதிரி. அப்பா முன்னால் போகிறார் என்பதற்காக அவனும் வேகத்தைக் குறைக்காமல் வருவான்.

தை பிறக்கட்டும். பொங்கலை ஒட்டிப் பருவமழை விலகிவிடும். அதற்கு அடுத்த சனிக்கிழமை நான் மரக்காணம் வழியாகவே வருகிறேன். அதற்குள் உன் பின் டயரை மாற்றிவிடு. போன முறை பார்த்தபோதே நடுப்பட்டை மொழுமொழுவென்று இருந்தது.

இன்னொன்று. என் வீட்டில் இன்றுவரை பஞ்சர் கதையைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். தொலைபேசியில் பேசும்போது உன் வாய் சும்மா இருக்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்