மணிக்கூண்டுத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த பங்கு மக்களுக்கு,

மூன்று மாதமாக வாயடைத்துக் கிடந்த நம் கோவில் மணி போன ஞாயிறு முதல் பூசைக்கு மறுபடி அடித்தது. வேலை முடிந்தது. வரவு செலவுக் கணக்கைப் பலகையில் ஒட்டியிருக்கிறோம்.

மணி வெடித்துவிட்டது என்றுதான் எல்லோரும் பயந்தோம். இறக்கிப் பார்த்தால் விரிசல் இல்லை. தவறு நம் மேல்தான். பல வருஷமாகக் கயிற்றை, மணிக்குள் தொங்கி அடிக்கும் நாக்கிலேயே கட்டி இழுத்திருக்கிறோம். அப்படி இழுத்தால் நாக்கு அடித்ததும் விலகாமல் விளிம்பை அழுத்தும். ஓசை அமுங்கும், போகப்போக மணியே வெடிக்கும். அடிபட்ட இடத்தில் கட்டைவிரல் உட்காரும் அளவுக்குப் பள்ளம். அதனால் மணியைக் கால்வட்டம் திருப்பி மாட்டினோம். இனி தேயாத இடத்தில் அடி விழும். புது நாக்கு மணியைவிட மென்மையான இரும்பு. தேய்வதானால் அது தேயட்டும். குன்னூர்ப் பனியில் துருவேறிய பேரிங்குகளையும் மாற்றியாயிற்று. மணிக்கு மெருகு ஏற்றவில்லை. செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம் அது. மேலே படிந்த பச்சைக் களிம்பே அதற்குக் கவசம்.

பாடகர் குழுவுக்கு ஒரு மனத்தாங்கல். மணி அடிக்கும்போது கீபோர்டின் சுரம் அதோடு உரசுகிறதாம். உண்மைதான். இந்த வகை மணியில் அடிச்சுரத்தோடு ‘சாதாரண காந்தாரம்’ என்ற மைனர் சுரமும் சேர்ந்தே ஒலிக்கும். அதற்கு மேலான அந்தர காந்தாரத்தில் போகும் மேஜர் பாட்டோடு எப்படிச் சேரும்? 1980களில் நெதர்லாந்தில் மேஜர் சுரம் தரும் மணியையே கணினியில் வடிவமைத்து வார்த்தார்கள். நமக்குக் கட்டுப்படியாகாது. உள்பக்கத்தைக் கடைந்து சுரம் மாற்றவும் குழு ஒப்பவில்லை. சரி, மணி ஓய்ந்த பிறகு பாட்டைத் தொடங்குங்கள்.

ஒலிபெருக்கியில் பதிவு மணி போதும் என்றவர்களுக்குக் கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா கூட்டத்திலேயே பதில் சொல்லிவிட்டார்: “பன்னெண்டு மணி அடிச்சா கூடையை இறக்குவோம். இந்த மூணு மாசமா சூப்பர்வைசர் வாட்ச் வெச்சதுதான் நேரம். அது எப்பவும் ஸ்லோ.”

இனி மணி அடிக்கும் முறை: மூவேளை செபத்துக்கு மும்மூன்றாக மூன்று முறை, அப்புறம் தொடர்ந்து ஒன்பது. துக்க மணி நிறுத்தி நிறுத்தி. பெரிய வியாழன் வானவர் கீதத்துக்குப் பிறகு உயிர்ப்புப் பெருவிழாவின் பாஸ்கா இரவுவரை மணிக்குப் பதில் மரக்கட்டைதான். கயிறு இனி உபதேசியார் கையில் மட்டும். பிள்ளைகள் தொங்கி விளையாட வேண்டாம்.

பழைய நாக்கு, பூசைப் பொருள்கள் வைக்கும் சக்ரீஸ்து அறையில் சாக்கில் சுற்றி இருக்கிறது. தூக்கிப் பார்க்க வருகிறவர்கள் இரண்டு பேராக வாருங்கள்.

— திருப்பணிக் குழு