அந்த ஒரு ச்

கோத்தகிரி
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணு,

"அம்மா, கையில இருக்கற டாட்டூவ லேசர் வெச்சு எடுத்துடலாம்னு இருக்கேன், நீ என்ன சொல்ற?" என்று நீ அனுப்பிய செய்தியை மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே டீச்சராகிவிடுவேன். அதனால்தான் காகிதம். இது பெங்களூர் வந்து சேர்வதற்குள் நீயே முடிவெடுத்துவிட்டால், படித்துவிட்டு மடித்து வை.

நாலு வருஷத்துக்கு முன்னால், முதல் சம்பளத்தோடு நீ வந்த அன்றைக்கு, பஸ் ஸ்டாண்டில் பையைக்கூட இறக்காமல் சட்டைக் கையை மடித்துக் காட்டினாய். முழங்கைக்குக் கீழே கறுப்பில் ஒரு சொல். அதற்கு அடியில் பச்சையில் தேயிலையின் இரண்டு இலையும் ஒரு மொட்டும். ப்ளஸ் டூவில் கணக்கில் தவறி, துணைத்தேர்வுக்கு நீ உட்கார்ந்து படித்த அந்த மாதம் முழுக்க உன் மேசைக்கு மேலே நான் எழுதி ஒட்டியிருந்த சொல். எனக்காகக் குத்திக்கொண்டு வந்திருக்கிறாய் என்று ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் என் வாயில் வந்தது என்ன? "இந்த ச் எதுக்குடா?"

முயற்ச்சி.

முப்பத்தொரு வருஷம் சிவப்புப் பேனா பிடித்த கை அது, எங்கே போகும்? ட், ற் இரண்டும் தனக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி வைத்த எழுத்தை உட்காரவிடாது; காட்சி, நட்பு, பயிற்சி, முயற்சி என்று அந்த பஸ் ஸ்டாண்டிலேயே உனக்குப் பாடம் நடத்தினேன். பக்கத்தில் நின்ற கண்டக்டர்கூட எட்டிப் பார்த்தார். நீ சிரித்துக்கொண்டே கையை இறக்கிவிட்டாய். குத்தியவர் மேல் தப்பில்லை, நான்தான் போனில் டைப் பண்ணிக் கொடுத்தேன் என்றாய். அதற்கப்புறம் நீ வந்தபோதெல்லாம் முழுக்கைச் சட்டைதான். கோத்தகிரிக் குளிருக்குப் போடுகிறான் என்று நினைத்தேன். மே மாதம் காய்கறிக் கண்காட்சிக்கு வந்தபோதும் முழுக்கைதான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆபீஸில் புதிதாக வந்த தமிழ்க்காரர் ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான், கண்ணு. அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டவை.

கோயம்புத்தூரில் தோல் டாக்டராக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தியிடம் ஒரு மணி நேரம் பேசினேன். தமிழில் எண்பதைத் தாண்டியதே இல்லை அவள். இப்போது அவள் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். மேல்தோல் மாதத்துக்கு ஒருமுறை போல உதிர்ந்து புதிதாகிவிடும். மை அதற்கும் கீழே, இரண்டாம் அடுக்கில் இருக்கிறதாம். அந்நியப் பொருள் வந்துவிட்டது என்று உடம்பு சில அணுக்களை அனுப்புகிறது. அவை மையை விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடியாமல் அதே இடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. ஒன்று செத்தால் அது விட்ட மையை அடுத்தது விழுங்கிக்கொள்ளுமாம். உன் ச்-சுக்கு இப்படிப் பரம்பரைக் காவல்.

லேசர் செய்வது மையை உடைப்பது மட்டும்தான். விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்கு நேரம்தான் ஒரு துடிப்பு. பிக்கோ என்கிற புது மிஷின்களில் அதைவிடவும் குறைவு. மைத்துகள் அந்த ஒளியைக் குடித்துச் சிதறும். சிதறியதை நிணநீர் வழியாக அள்ளிக்கொண்டு போவது உன் உடம்பின் வேலை. அது மெதுவாகத்தான் நடக்கும். அதனால்தான் ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் நடுவில் 6 முதல் 8 வாரம் விடுகிறார்கள். கவாத்து வெட்டிய செடியில் மறுநாளே யாராவது கொழுந்து கிள்ளப் போவார்களா? சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடு.

எத்தனை தடவை என்று கேட்டேன். 6 முதல் 10 வரை சாதாரணம், அதற்கு மேலும் போகலாம் என்றாள். கை கால் நுனிப்பக்கம் போகப் போக இன்னும் மெதுவாகக் கலையுமாம். கணக்கில் நீ இப்போது தேறியவன், நீயே போட்டுப் பார்: ஏழெட்டு மாதம், ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். சிகரெட் பிடித்தால் இன்னும் நீளுமாம். நீ பிடிக்கிறாயா என்று நான் கேட்கவில்லை, டாக்டர் கேட்டால் அவரிடம் உண்மையைச் சொல்.

நிற விஷயம்தான் எனக்குக் கவலை. கறுப்பு மை எளிதாகப் போகும். நம் மாதிரி மாநிறத்துக்கு 1064 நானோமீட்டர் ஒளி பாதுகாப்பு, அது தோலின் நிறத்தை அவ்வளவாகத் தொடாமல் கீழே இறங்கும் என்றாள். பச்சை பிடிவாதம். அதற்கு 755, 694 என்று வேறு ஒளி வேண்டும், அவற்றை நம் தோலின் சொந்த நிறமே குடித்துவிடும். தோல் கறுக்கலாம், இல்லாவிட்டால் வெளுக்கலாம். கறுத்தது பெரும்பாலும் மாதக்கணக்கில் தெளியும். வெளுத்தது சிலருக்குத் திரும்பாமலே போகும். யோசித்துப் பார். மையெல்லாம் போய், அதே இடத்தில் வெள்ளையாக முயற்ச்சி என்று நின்றால்? அந்த ச்-சும் சேர்ந்து வெள்ளையில் நிற்கும்! அதனால் முதலில் ஓர் ஓரத்தில் சின்னதாகச் சோதனை பண்ணச் சொல்லி, சில வாரம் பொறுத்து, தோல் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு மேலே போ.

நீ கேட்கப்போகிறாய் என்று நானே இன்னொன்றும் கேட்டுவைத்தேன். அந்த ச்-சை மட்டும் எடுக்க முடியுமா? முடியுமாம். திருத்தத்துக்காக ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்களாம், பக்கத்து எழுத்து கொஞ்சம் மங்கும் என்பதற்குத் தயாராக இருந்தால் போதும். "முயற்" ஒரு பக்கம், "சி" ஒரு பக்கம், நடுவில் வெற்றிடம். அதையும் பிழை என்று சொல்லக்கூடியவள்தான் நான். முழுக்க ஆறின பிறகு மறுபடி குத்தி இடைவெளியை நிரப்பவும் செய்யலாமாம். எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்காதே, திருத்தத்துக்கு மேல் திருத்தம் செய்த விடைத்தாள் எனக்கு எப்போதுமே பிடிக்காது.

வலி பற்றி நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். கடுகு தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்குமே, அது ஒரே இடத்தில் விடாமல் தெறித்தால் எப்படியோ அப்படி. மரத்துப்போகும் களிம்பு முன்கூட்டியே தடவுவார்கள். ஒளி பட்ட உடனே அந்த இடம் வெள்ளையாகப் பூக்குமாம். நீ மூன்றாவது படிக்கும்போது ஜனவரி மாதம் விடியற்காலையில் தலைகுந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனோமே, புல்மேல் உறைபனி கிடந்ததே, வெயில் ஏறியதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனதே. அப்படித்தான், இருபது நிமிஷத்தில் கலைந்துவிடும் என்றாள். பிறகு கொப்புளம் வரலாம். உடைக்காதே. பொருக்கைப் பிய்க்காதே. உனக்குப் பிய்க்கிற கை, சின்ன வயசிலிருந்தே.

அந்தச் சமயத்தில் லீவுக்கு இங்கே வருவதாக இருந்தால் கையை மூடிக்கொண்டு வா. இங்கே வெயில் சுடாது, ஆனால் கருக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக்கதிர் 10 சதவிகிதம் போலக் கூடும். நாம் 1,800 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். முழுக்கைச் சட்டையைக் குறை சொல்லிவிட்டு நானே போடச் சொல்கிறேன், பார்.

ஆன்லைனில் விற்கிற களிம்பு எதையும் வாங்காதே. உன் பெரிய மாமா கையில் பளபளவென்று ஒரு தழும்பு இருக்கிறதே, தீக்காயம் என்று உனக்குச் சொல்லியிருப்பார். தீயும் இல்லை ஒன்றும் இல்லை. இருபது வயசில் கட்சிச் சின்னம் குத்திக்கொண்டார், இருபத்தைந்தில் கட்சி மாறினார், ஆசிட் ஊற்றி எடுத்தார். இன்றைக்கும் அந்தத் தழும்பின் வடிவத்தைப் பார்த்தே எந்தக் கட்சியில் இருந்தார் என்று சொல்லிவிடலாம். தோல் டாக்டரிடம் மட்டும் போ, பச்சை குத்துகிற இடத்திலேயே மிஷின் வைத்திருந்தாலும் வேண்டாம்.

பக்கத்துப் படகர் ஊரிலிருந்து பால் கொண்டுவரும் பாட்டியிடமும் சொன்னேன். அவர் நெற்றியில் பச்சைப் புள்ளிகள் இருப்பது உனக்கு ஞாபகம் இருக்கும். என்னமோ ஏன் எடுக்கணும் என்று கேட்பார் என்றுதான் நினைத்தேன். "எனக்கு அஞ்சாறு வயசு. ரெண்டு பேர் புடிச்சிக்கிட்டாங்க, ஒருத்தி குத்துனா. என்னை யாரு கேட்டாங்க? உன் பையன் தானா குத்திக்கிட்டான், தானா எடுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நேற்று பரணில் உன் மூன்றாம் வகுப்புத் தமிழ் நோட்டு கிடைத்தது. அதிலும் முயற்ச்சிதான். சிவப்பில் வட்டம் போட்டு, பத்துத் தடவை எழுது என்று போட்டிருக்கிறேன். பத்தும் சரியாக எழுதியிருக்கிறாய். பதினோராவது தடவைதான் கையில் எழுதிக்கொண்டாய் போலிருக்கிறது. ராத்திரி தனியாக உட்கார்ந்து சிரித்தேன், அப்புறம் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது.

என் விருப்பம் கேட்டால், அது இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு அந்த ச் பழகிவிட்டது. ஆனால் கை உன்னுடையது, இதில் எனக்கு ஓட்டு கிடையாது. என் சிவப்புப் பேனாவுக்காக எடுக்கிறாய் என்றால் மட்டும் வேண்டாம். கண்ணாடியில் பார்க்கும்போது உனக்கே பிடிக்கவில்லை என்றால் தாராளமாக எடு, ஒரு தடவைக்கான செலவை நான் தருகிறேன், பென்ஷனில் அவ்வளவு மிச்சம் இருக்கிறது.

ஒன்று மட்டும் உடனே செய்து சொல். உன் அப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணின இடத்தில் தழும்பு கயிறு மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது, அது குடும்பத்தில் வரக்கூடியதாம், இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்ல வேண்டும். உன் இடது தோளில் குழந்தையில் போட்ட தடுப்பூசித் தழும்பு இருக்கிறது. தடவிப் பார். பள்ளமாக இருக்கிறதா, மேடாக இருக்கிறதா?

அம்மா