எந்த அண்ணா பல்கலைக்கழகம்?

காரைக்குடி

அன்பு மகள் மீனாட்சிக்கு,

இங்கு நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் கதிரும் தோகாவில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிளஸ் டூ முடிந்ததும் கதிரை அண்ணா யூனிவர்சிட்டியில் சேர்த்துவிட வேண்டும் என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னாய். எந்த அண்ணா யூனிவர்சிட்டியில் என்று அப்போதே கேட்டிருப்பேன். உன் அம்மா இடையில் புகுந்து ஊறுகாய்ப் பேச்சை எடுத்துவிட்டாள். ஆகவே எழுதுகிறேன்.

பொறியியல் கவுன்சலிங்கில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. 1 என்பது கிண்டி பொறியியல் கல்லூரி, 2 அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, 3 கட்டடக்கலைப் பள்ளி, 4 குரோம்பேட்டை எம்.ஐ.டி. என்ற மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. இந்த நான்கும்தான் சென்னையில் பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்கள். ‘அண்ணா யூனிவர்சிட்டி’ என்று நீ மனத்தில் வைத்திருப்பது இவற்றைத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அதே பெயர் போட்ட பட்டத்தை நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் பிள்ளைகள் ஆண்டுதோறும் வாங்குகிறார்கள்.

இவ்வளவு பெரிதாக அது ஒரே நாளில் வளரவில்லை. 1794இல் புனித ஜார்ஜ் கோட்டையில், நிலத்தை அளக்கக் கற்றுக்கொடுப்பதற்காகத் தொடங்கிய ஒரு சர்வே பள்ளிதான் வேர். அது பொறியியல் கல்லூரியாகி, 1920இல் கிண்டிக்கு இடம் மாறியது. 1944இல் நம்மூர் வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த பணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. 1949இல் சி. ராஜம் என்ற தொழிலதிபர் தம் மாளிகையை விற்று எம்.ஐ.டி.யைத் தொடங்கினார், கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம் அது. தனித்தனியாக வளர்ந்த இவற்றை 1978இல் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்துதான் அண்ணா பல்கலைக்கழகத்தை அமைத்தார்கள்.

அதற்கு முன்பு கிண்டியில் படித்தவர்களுக்குப் பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். லலிதா என்ற பெண்மணியைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா என்று நினைவில்லை. பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு விதவையானவர். அங்கேயே பேராசிரியராக இருந்த அவருடைய தந்தை கல்லூரி முதல்வரிடம் பேசி, 1940இல் மகளை மின்பொறியியலில் சேர்த்தார். அவர் படித்து முடித்தபோது, சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல்லே அச்சாகியிருந்ததால், அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்களாம். பெண்ணைப் பெற்றவன் என்பதாலோ என்னவோ, அந்தத் தந்தை என் மனத்தை விட்டுப் போவதில்லை.

நம் குடும்பத்தைப் பாதித்த மாற்றம் 2001இல் ஒரு சட்டத்தால் வந்தது. அதுவரை சென்னை, பாரதியார், மதுரை காமராசர் என்று அந்தந்தப் பகுதிப் பல்கலைக்கழகங்களோடு இணைந்திருந்த பொறியியல் கல்லூரிகள் எல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள், ஒரே பட்டம் என்பது நல்ல எண்ணம்தான்; ஆனால் ஆய்வகத்தையும் ஆசிரியரையும் அந்தச் சட்டத்தால் சமமாக்க முடியவில்லை.

2004இல் உன் அண்ணனை அழைத்துக்கொண்டு கவுன்சலிங்குக்குக் கிண்டிக்குப் போனேன். அப்போது நுழைவுத்தேர்வும் இருந்தது. கட் ஆஃப் முந்நூறுக்குக் கணக்கிட்டார்கள். கூடத்தில் பெரிய திரையில் கல்லூரிப் பெயர்களும் மீதமுள்ள இடங்களும் ஓடிக்கொண்டிருந்தன; நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே நாங்கள் குறித்து வைத்திருந்த கல்லூரியின் எண் இரண்டு ஒன்றாகி, ஒன்று பூஜ்யமானது. கணினி முன்னால் உட்கார்ந்திருந்த பெண், “சார், சீக்கிரம் சொல்லுங்க” என்றார். பேருந்து நிலையத்து விளம்பரப் பலகையில் ‘அண்ணா பல்கலைக்கழகம்’ என்பதைப் பெரிதாகவும் தன் பெயரைச் சிறிதாகவும் எழுதியிருந்த ஒரு கல்லூரி என் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லிவிட்டேன். பிளஸ் டூ கணக்கு வாத்தியாராக இருபது வருடம் இருந்தவன், ஒரு முறை நேரில் போய்ப் பார்க்காமல் சொன்ன பதில் அது. அந்தக் கல்லூரி ஆய்வகத்தில் அறுபது பேருக்கு இரண்டு ஆசிலாஸ்கோப், அதாவது மின்னலையைத் திரையில் காட்டும் கருவி. அவற்றிலும் ஒன்று வேலை செய்யாது. பருவத்தின் நடுவில் ஆசிரியர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். வினாத்தாளோ பல்கலைக்கழகத்திலிருந்து குறித்த நாளில் வந்துவிடும். அவன் ஏழு அரியர் வைத்தது சோம்பலால் என்று அப்போது நான் திட்டியது இன்றும் உறுத்துகிறது.

அதன் பிறகுதான் ஒவ்வொரு ஆண்டும் நம் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கவுன்சலிங் கல்லூரிப் பட்டியலைக் கருத்தாகப் படிக்கத் தொடங்கினேன். இணைப்புக் கல்லூரிகளுக்குள்ளேயே பெரிய வேற்றுமை இருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர், நம்மூர் அழகப்பச் செட்டியார் அரசுக் கல்லூரி ஆகியவையும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. தன்னாட்சி பெற்ற கல்லூரி பாடத்திட்டத்தைத் தானே வகுத்துத் தேர்வையும் தானே நடத்தும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தினுடையது. தன்னாட்சி இல்லாவிட்டால் வினாத்தாளும் விடைத்தாள் திருத்தமும் பல்கலைக்கழகத்திடம் இருக்கும். ஒருவேளை நீ நினைப்பதற்கு மாறாக, சுமாரான கல்லூரியில் தன்னாட்சி கிடைப்பது எனக்கு அச்சத்தையே தருகிறது. வெளியிலிருந்து வரும் வினாத்தாள் ஒன்றுதான் அங்கே மாணவனின் உண்மை நிலையைக் காட்டும்.

நடுவில் இன்னொரு வகை உண்டு. 2007 முதல் பல்கலைக்கழகத்தைப் பிரித்து, கோவை, திருச்சி, திருநெல்வேலி, மதுரை என்று தனித்தனிப் பல்கலைக்கழகங்களாக்கிப் பார்த்துவிட்டு, 2012இல் மறுபடியும் ஒன்றாக்கினார்கள். அந்த அலைச்சலின் மிச்சமாக அந்த ஊர்களில் வளாகங்கள் இருக்கின்றன. விழுப்புரம், பண்ருட்டி, பட்டுக்கோட்டை, திண்டுக்கல், நாகர்கோவில் முதலிய ஊர்களிலும், கலைஞர் பிறந்த திருக்குவளையிலும்கூட உறுப்புக் கல்லூரிகள் உண்டு. இவற்றைப் பல்கலைக்கழகமே நடத்துகிறது. கட்டணம் குறைவு. ஆனால் கிண்டியின் பேராசிரியர்களும் வளாகத்துக்கு ஆளெடுக்க வரும் நிறுவனங்களும் அங்கேயும் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

கதிருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் இந்தியர்களின் பிள்ளைகளுக்கென்று பல்கலைக்கழகம் தன் வளாகங்களில் தனி இடங்கள் வைத்திருக்கிறது. அதற்கு விண்ணப்பமும் தனி. மற்றொன்று பொதுக் கவுன்சலிங். நுழைவுத்தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போய்விட்டதால், கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று இருநூறுக்கு வரும் கட் ஆஃப்தான் தரவரிசையைத் தீர்மானிக்கும். இப்போது யாரும் கூடத்தில் உட்கார்ந்து பதற வேண்டியதில்லை. 2018 முதல் எல்லாம் இணையவழிதான். விருப்பப் பட்டியலை எவ்வளவு நீளமாகவும் கொடுக்கலாம். கிடைக்குமா என்று யோசித்து வரிசைப்படுத்தாமல், பிடித்ததை முதலில் வைக்கச் சொல். ஒதுக்கீடு வந்த பிறகும், அதை ஏற்றுக்கொண்டே மேலே இடம் காலியானால் நகர்வதற்கு வழி இருக்கிறது.

இரண்டு வழிகளுக்கும் மாப்பிள்ளை விண்ணப்பிக்கட்டும். கதிர் தமிழ்நாட்டுக்கு வெளியே படித்தவன் என்பதால் பொதுக் கவுன்சலிங்குக்கு, பூர்வீகம் தமிழ்நாடு என்று காட்டும் நேட்டிவிட்டி சான்றிதழ் கட்டாயம். இ-சேவை மையத்தில் நான் பதிவு செய்கிறேன். உன்னுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் கதிரின் பிறப்புச் சான்றிதழையும் படம் எடுத்து அனுப்பு. பள்ளிகள் திறக்கும் நேரத்தில் தாசில்தார் அலுவலகத்தில் கூட்டம் சேர்ந்துவிடும், ஆகவே இந்த மாதமே அனுப்பிவிடு. ஆனி மாதம் நீங்கள் வரும்போது, கதிர் எழுதிய பட்டியலில் முதல் பத்துக் கல்லூரிகளை அவனும் நானும் பேருந்திலேயே போய்ப் பார்த்து வருவோம். உன் அண்ணனும் கூட வருகிறேன் என்கிறான். ஆய்வகத்துக் கதவைத் திறக்கச் சொல்லி எந்தெந்தக் கருவியை இயக்கிக் காட்டச் சொல்ல வேண்டும் என்று அவன் ஏற்கெனவே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா