கினாபாத்தாங்கானுக்கு ஓர் இரவு போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் மலேசியாவின் சபா மாநிலத்துக்கான சுற்றுலா விளம்பரங்கள் நம் நாளிதழ்களில் வரத் தொடங்கிவிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை கினாபாத்தாங்கான் ஆற்றுப் படகுப் பயணத்தை, செப்பிலோக் ஒராங் ஊத்தான் மறுவாழ்வு மையத்துக்கும் கோமந்தோங் குகைக்கும் நடுவே செருகிய ஒரு மாலைப்பொழுதாகவே காட்டுகின்றன. சென்ற டிசம்பரில் மனைவி, மகன், மருமகள், ஆறு வயதுப் பேரன் ஆகியோருடன் அப்படியொரு பயணம் போய், கொடுத்த பணத்தில் பாதிக்குக்கூடப் பார்க்காமல் திரும்பியவன் என்ற முறையில், இவ்வாண்டு புறப்படவிருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் முதல் பிசகு கடிகாரத்தில் இருந்தது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவும் போர்னியோத் தீவிலுள்ள சபாவும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகின்றன. ஆனால் கதிரவன் அரசாணைக்குக் கட்டுப்படுவதில்லை. டிசம்பரில் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலுள்ள எங்கள் கிள்ளானில் மாலை ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கிறது என்றால், சபாவின் கிழக்குக் கரை நகரமான சண்டாக்கான் பக்கம் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது. பயண முகவர் எங்களுக்கு எடுத்துக் கொடுத்த விமானம் சண்டாக்கானில் இறங்கியபோது மணி இரண்டு. பெட்டிகளை எடுத்து, சாப்பிட்டு, செம்பனை (எண்ணெய்ப்பனை)த் தோட்டங்களின் ஊடே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேனில் குலுங்கி சுக்காவ் கிராமத்துப் படகுத்துறையை அடைந்தபோது ஐந்தரை ஆகிவிட்டது. நான்கு மணிக்குப் புறப்பட்ட படகுகள் அப்போது திரும்பிக்கொண்டிருந்தன. எங்களுக்காகக் காத்திருந்த படகோட்டி முகம் கோணாமல் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினார். கரையோர மரங்களில் கறுப்பாகச் சில உருவங்கள் அசைந்தன. அவை குரங்குகள் என்று அவர் சொன்னதால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மாலை நான்கு மணி என்பது விடுதிக்காரர்கள் தங்கள் வசதிக்காக வைத்த நேரமன்று. போர்னியோத் தீவில் மட்டுமே வாழும் நீள்மூக்குக் குரங்குகள் பகலில் காட்டுக்குள் இலை தின்றுவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் கூட்டம் கூட்டமாக ஆற்றோர மரங்களுக்குத் திரும்பி அங்கேயே உறங்குகின்றன. விடிந்ததும் மீண்டும் உள்ளே போய்விடுகின்றன. ஆகவே அவற்றைப் படகிலிருந்து காண்பதற்கு நான்கு மணியிலிருந்து இருட்டும் வரையும், காலை ஆறு மணியிலிருந்து வெயில் ஏறும் வரையுமே ஏற்ற பொழுதுகள். ஓரிரவு மட்டும் தங்குபவருக்கு ஒரு மாலையும் ஒரு காலையும்தான் கிடைக்கும். அவற்றில் ஒன்றை மழை எடுத்துக்கொண்டால் கணக்கு முடிந்தது. இரண்டு இரவு தங்கினால் செலவு சற்றுக் கூடும் என்பது உண்மைதான். ஆனால் விமானக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அந்தக் கூடுதல் இரவு பெரிய தொகையன்று என்பதை நான் இரண்டாவது முறை போனபோது கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆம், இரண்டாவது முறையும் போனேன். இவ்வாண்டு ஏப்ரலில் நானும் மனைவியும் மட்டும் சென்று இரண்டு இரவு தங்கினோம். ஆண்டிறுதியிலும் ஜனவரியிலும் வடகிழக்குப் பருவமழையால் ஆறு பெருகிக் கரையேறுவதுண்டு. ஏப்ரலுக்குப் பிறகு மழை சற்று ஓய்ந்திருக்கும். பெரிய ஆற்றில் வந்து கலக்கும் மெனாங்குல் என்ற சிற்றாற்றுக்குள் படகோட்டி இயந்திரத்தை அணைத்துவிட்டு, சத்தமில்லாத சிறு மின் மோட்டாரால் படகை நகர்த்தினார். தலைக்கு மேலே ஒரு கிளையில் பெரிய ஆண் குரங்கு ஒன்று, தொங்கும் மூக்கை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு மறு கையால் இளந்தளிரை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தது. மெல்லும் ஓசைகூடக் கேட்டது. யானை மட்டும் இம்முறையும் கண்ணில் படவில்லை. போர்னியோ யானைகள் கரையோரமாக நெடுந்தூரம் இடம் பெயர்ந்துகொண்டே இருப்பவை. இன்ன நாளில் இன்ன இடத்தில் காட்டுகிறோம் என்று எந்த முகவராவது உறுதி கூறினால், அவரிடம் பணம் கட்டாமல் இருப்பதே நலம்.

இவ்வளவு விலங்குகள் ஆற்றோரத்தில் தென்படுவதற்குப் பின்னால் ஒரு வருத்தமான காரணமும் உண்டு. 560 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆறு, சரவாக்கின் ராஜாங் ஆற்றுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது நீளமான ஆறு. அதன் கீழ்ப்பகுதியில் 2005-ஆம் ஆண்டு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சுமார் 26,000 ஹெக்டேர் காடு ஒரே பரப்பாக இல்லாமல் துண்டு துண்டாகக் கிடக்கிறது. சில இடங்களில் கரையோர மரவரிசைக்குப் பின்னாலேயே செம்பனை தொடங்கிவிடுகிறது. விலங்குகளுக்கு ஒதுங்க வேறு இடமில்லை. நம் பாட்டன்மார் ரப்பரும் செம்பனையும் நட்டுப் பிழைத்த வழிவந்த எனக்கு அந்தக் காட்சியைக் குறை சொல்லும் தகுதி இருக்கிறதா என்று படகிலேயே யோசித்தேன், விடை கிடைக்கவில்லை.

முன்பதிவு செய்யும்போதே கேட்டுத் தெளிய வேண்டியவை சில உள்ளன. முதல் பயணத்தில் என் பேரனுக்குக் கொடுத்தது பெரியவர்களுக்கான மிதவை அங்கி. அவன் உட்கார்ந்ததும் அது மேலேறி மூக்கு வரை மூடிக்கொண்டது. தண்ணீரில் விழுந்திருந்தால் அங்கி மட்டும் மிதந்திருக்கும், பிள்ளை நழுவியிருப்பான். உவர்நீர் முதலைகள் வாழும் ஆறு அது. பிள்ளைகளின் வயதையும் எடையையும் முன்கூட்டியே சொல்லி, அவர்களுக்கு அளவான அங்கி உண்டா என்று எழுத்தில் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள், படகுத்துறையில் எத்தனை படிகள், கைப்பிடி உண்டா என்றும் கேட்க வேண்டும். ஈரப் பலகையில் இறங்க என் மனைவிக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. சைவ உணவு வேண்டுமென்றால் முதலிலேயே சொன்னால் சமைத்துத் தருகிறார்கள், போய் இறங்கிய பிறகு சொன்னால் முட்டைதான். படகில் எத்தனை பேரை ஏற்றுவார்கள் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

மூட்டை முடிச்சு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைகார்டு என்ற அடையாள அட்டை, சிறு பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ், வழக்கமான மருந்துகள், மங்கிய நிறத்தில் முழுக்கைச் சட்டை, மழையங்கி, கைப்பேசியை நனையாமல் வைக்க ஒரு பை ஆகியவை போதும். காட்டுக்குள் நடக்கப் போகிறவர்களுக்கு அட்டைப்பூச்சி கடிக்காமல் தடுக்கும் காலுறை வேண்டும். ரொக்கத்தைச் சண்டாக்கானிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மடங்கு பெருக்கும் சாதாரண பைனாகுலர் ஒன்று இருந்தால், கைப்பேசியில் நூறு படம் எடுப்பதைவிட அதிகம் பார்க்கலாம். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேரே ஆற்றுக்குக் கொண்டுபோனால் கண்ணாடியில் நீர் கோத்துவிடும். அரை மணி நேரம் முன்பே வெளித் திண்ணையில் வைத்துவிட வேண்டும். குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்குத் தொற்றும் மலேரியா சபாவில் இருப்பதால், கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அவசியம்.

எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். இரண்டு மணி நேரம் மெல்லிய குரலில் பேசி, எழுந்து நிற்காமல், கையைத் தண்ணீரில் விடாமல் இருக்க ஆறு வயதுப் பிள்ளைக்கு வீட்டிலேயே விளையாட்டாகச் சொல்லிக் கொடுக்கலாம். பெரியவர்களைப் பழக்குவதுதான் கடினம். யானை வந்திருக்கிறது என்று கைப்பேசியில் செய்தி பரவியதும் படகுகள் ஒரே இடத்துக்கு விரைகின்றன; பயணிகள் இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே என்று படகோட்டியை நச்சரிக்கிறார்கள். அன்பளிப்பை எதிர்பார்த்திருப்பவர் எப்படி மறுப்பார்? யானைக் கூட்டம் ஆற்றைக் கடக்கும் நேரத்தில் படகு குறுக்கே போனால் தாயும் கன்றும் பிரிந்துபோக நேரும். தூரத்திலேயே நிறுத்துங்கள் என்று பயணியே முதலில் சொல்லிவிட்டால் படகோட்டிக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஏப்ரலில் குரங்குகளைப் பார்க்கையில் நாங்கள் அப்படிச் சொன்னபோது அவர் சிரித்தபடி இயந்திரத்தை அணைத்தார்.

தங்குவதற்கு விடுதிகளே கதி என்றும் நினைக்க வேண்டாம். ஆற்றங்கரையின் பூர்வகுடிகளான ஓராங் சுங்கை மக்கள் தங்கள் வீடுகளிலேயே விருந்தினரை ஏற்கிறார்கள். பத்து பூத்தே கிராமத்தார் கூட்டுறவுச் சங்கம் அமைத்து இதை நடத்துவதோடு அழிந்த காட்டில் மரமும் நடுகிறார்கள்.

நம் தமிழ்ப் பயண முகவர்களிடம் ஒரு வேண்டுகோள். விளம்பரத்தில் யானைப் படத்தைப் பெரிதாகப் போடுவதோடு நில்லாமல், விமானம் இறங்கும் நேரம், படகு புறப்படும் நேரம், எத்தனை படகுச் சவாரிகள், சிறுவர் மிதவை அங்கி உண்டா ஆகிய நான்கு விவரங்களையும் அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். அப்படி வரும் விளம்பரங்களைப் பார்த்து நானே என் உறவினர்களை உங்களிடம் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
கிள்ளான்