மகளுக்கு ஒரு குதிரைவாலிக் கணக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய குதிரைவாலிப் பொட்டலத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரவை மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. கிலோ 140 ரூபாய் என்று எழுதியிருக்கிறாய். இவ்வளவு விலை கொடுத்து வாங்கலாமா, வாங்கினால் நம்ம பக்கத்துச் சம்சாரிக்கு, அதாவது விவசாயிக்கு, ஏதாவது போய்ச் சேருமா என்று கேட்டிருந்தாய். குதிரைவாலி வாங்கு தாயி. அந்தப் பொட்டலம் மட்டும் வேண்டாம். ஏன் என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. குதிரைவாலி மாதிரிச் சிறுதானியம் தண்ணீரை மிச்சப்படுத்தும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி. நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 1,200 மி.மீ. தண்ணீர் வேண்டும். குதிரைவாலிக்கு 350 மி.மீ. கிடைத்தால் போதும். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. தண்ணீர் என்பது ஏறக்குறைய 4,000 லிட்டர். அப்படியென்றால் நெல்லுக்கு 48 லட்சம் லிட்டர், குதிரைவாலிக்கு 14 லட்சம். இதோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். விளைச்சலையும் பார்க்க வேண்டாமா? நெல் ஏக்கருக்கு 2,400 கிலோ என்று வைத்துக்கொள். மழையை மட்டும் நம்பிய மானாவாரிக் குதிரைவாலி 700 கிலோ வந்தாலே நல்ல வெள்ளாமை. கிலோவுக்கு வகுத்துப் பார், இரண்டுக்கும் 2,000 லிட்டர்தான்.

வித்தியாசம் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. நம் மதுரைப் பக்கம் மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் வயலுக்குப் பெரியாறு, வைகைத் தண்ணீர் கால்வாயில் வந்தாக வேண்டும். வராவிட்டால் மோட்டார் ஓட வேண்டும். பேரையூர், தே.கல்லுப்பட்டி கரிசலுக்கு அந்தக் கால்வாய் எட்டாது. புரட்டாசி, ஐப்பசியில் விழுகிற மழையைக் கரிசல் குடித்து வைத்துக்கொள்ளும்; 90, 95 நாளில் குதிரைவாலி அதிலேயே விளைந்துவிடும். நாம் விதைத்தாலும் விதைக்காவிட்டாலும் அந்த மழை அங்கே விழத்தான் போகிறது. விதைக்காமல் விட்டால் நாலே வருஷத்தில் சீமைக்கருவேலம் ஏறிவிடும்.

அதனால் நெல்லை விட்டுவிடு என்று நான் சொல்லமாட்டேன். ஆற்றுப் பாசனத்தில் நெல் விளையட்டும், கரிசலில் குதிரைவாலி விளையட்டும். நம் தட்டிலும் இரண்டும் இருக்கட்டும். கவலை என்னவென்றால், கரிசலில் குதிரைவாலி இருந்த இடத்தை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டு வருகிறது. கோழித்தீவனத்துக்கு வாங்க வியாபாரி களத்துக்கே லாரியோடு வருகிறான், அதுதான் காரணம். ஆனால் வீரிய ஒட்டு விதையை வருஷா வருஷம் காசு கொடுத்து வாங்க வேண்டும், உரம் கூடுதல் வேண்டும். 2018-ல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு குருத்துக்குள் இறங்கிவிட்டால் மருந்துச் செலவு தனி. குதிரைவாலிக்கு ஏக்கருக்கு 4 கிலோ விதை, அதுவும் போன வருஷ வெள்ளாமையில் எடுத்து வைத்தது. பூச்சி மருந்து அநேகமாகத் தேவையே இல்லை. களைதான் தொல்லை. அதே இனத்துக் காட்டுப்புல் ஒன்று கூடவே முளைக்கும். கதிர் தள்ளும் வரை எது பயிர், எது புல் என்று பழகின கண்ணுக்கே தெரியாது. வரிசையாக விதைத்திருந்தால் வரிசைக்கு வெளியே நிற்பதைப் பிடுங்கலாம். கைவீச்சாக விதைத்தால் அதற்கும் வழியில்லை.

இப்போது விலைக்கு வருகிறேன். மத்திய அரசு ஆதரவு விலை சோளம், கம்பு, கேழ்வரகுக்கு உண்டு. 2024-25-ல் கேழ்வரகுக்குக் குவிண்டால் 4,290 ரூபாய், சாதாரண நெல்லுக்கு 2,300. குதிரைவாலி அந்தப் பட்டியலிலேயே இல்லை. களத்தில் வியாபாரி சொல்வதுதான் விலை. கணக்குக்காகக் கிலோ 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ தானியத்துக்கு 3,500. உமி நீக்கிச் சுத்தம் செய்யும் கூலி கிலோவுக்கு 5 ரூபாய் என்றால் இன்னொரு 500. நல்ல மில்லில் 100 கிலோவுக்கு 62 கிலோ அரிசி விழும். 4,000-ஐ 62-ஆல் வகுத்தால் கிலோ 64 ரூபாய் சொச்சம். சாக்கு, லாரி வாடகை, சேதாரம் எல்லாம் சேர்த்து 80 வரை போகலாம். மீதி 60 ரூபாய் பொட்டலத்துக்கும் கடைக்கும். அதில் ஒரு பைசா சம்சாரிக்கு வராது. நீ விலை அதிகம் கொடுத்தாலே அவனுக்குப் போய்ச் சேரும் என்று நினைத்துவிடாதே. அவனுடைய 35 ரூபாய் 42 ஆனால்தான் அவனுக்கு லாபம். கிலோவுக்கு 7 ரூபாய் கூடினால் 700 கிலோவுக்கு 4,900 ரூபாய், ஏக்கரின் களையெடுப்புக் கூலியில் பெரும்பங்கு.

அந்த வெள்ளை நிறத்துக்கும் காரணம் மில்தான். குதிரைவாலிக்கு உமி கெட்டி. தானியத்தை வேகமாக வீசி மோதவிட்டு உமியைக் கழற்றுகிற மெஷின் ஒன்று, கல்லில் தேய்த்துக் கழற்றுகிற மெஷின் இன்னொன்று. மோதவிடும் மெஷினில் தவிடு அரிசியிலேயே தங்கும். ஆனால் நூற்றுக்கு மூன்று, நாலு தானியம் உமியோடேயே வந்து நிற்கும். அதை எடுக்கத்தான் மறுபடி கல்லில் விட்டுத் தீட்டுகிறார்கள். தீட்டினால் பளிச்சென்று இருக்கும், சீக்கிரம் வேகும், ஆறு மாதம் கடையில் கிடந்தாலும் கெடாது. நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் தவிட்டோடு மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும். பிறகு அதற்கும் வெள்ளைப் பொன்னிக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

வாங்குமுன் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார். தீட்டாத அரிசி மங்கலான சாம்பல் கலந்த பழுப்பில் இருக்கும், கையில் லேசாக மாவு ஒட்டும். அங்கங்கே ஒரு உமி தென்பட்டால் பயப்படாதே, அது நல்ல அடையாளம். மோந்து பார், பழைய எண்ணெய் மாதிரி சிக்கு வாடை அடித்தால் தவிட்டு எண்ணெய் கெட்டுவிட்டது, வாங்காதே. அரைத்த தேதி போட்டிருந்தால் மூன்று மாதத்துக்கு மேல் போகாததாக எடு. கருப்பாக மண்கட்டி இருக்கிறதா என்றும் பார். கல் பிரிக்கும் மெஷினில் கல் கனமாக இருப்பதால் பிரிந்துவிடும். கரிசல் மண்ணின் சின்னக் கட்டி தானியத்தோடு தானியமாக வந்துவிடும். தரையிலே அடித்த தானியத்தில்தான் இது வரும். தார்ப்பாயில் அடித்ததில் வராது.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. உன் அடுக்ககத்தில் நாலு வீடு சேர்ந்து 100 கிலோ தானியமாகவே வாங்குங்கள். உமியோடு இருக்கிற வரை ஒரு வருஷம் கெடாது. மில்லில் உமி நீக்கி வருகிற 62 கிலோ அரிசியை நாலாகப் பிரித்தால் வீட்டுக்குப் பதினைந்தரை கிலோ. மாதம் 4 கிலோ சமைத்தால் நாலு மாதம் போகும். ஆனால் தீட்டாத அரிசி நாலு மாதம் வெளியில் தாங்காது, அதனால் பாதியைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வை. நீ தனியாக 10 கிலோ அரைக்கலாம் என்று யோசிக்காதே. சில கிலோ மெஷினுக்குள்ளேயே தங்கிவிடும். ஈரமும் முக்கியம். பல்லில் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். மசிந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும், இல்லாவிட்டால் உமி கழலாது, நொய்யாகிவிடும்.

சமையல் பற்றி அம்மா எழுதச் சொன்னது: மூன்று தண்ணீரில் களைந்து, கல் அரித்து, அரை மணி நேரம் ஊறவை. குக்கரில் 1 டம்ளருக்கு 2 டம்ளர் தண்ணீர், இரண்டு விசில். பானையில் வைத்தால் இரண்டரை டம்ளர். ஊறவைக்காமல் போட்டால் வெளியே குழைந்து உள்ளே விதை விதையாக நிற்கும். ஆறினால் இறுகிவிடும், அதனால் மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போகாதே; போவதானால் மோர் விட்டுப் பிசைந்து எடுத்துப் போ. இட்லிக்கு 4 பங்கு அரிசியில் 2 பங்கைக் குதிரைவாலியாக மாற்று, உளுந்து 1 பங்கு.

இன்னும் இரண்டு விஷயம். குதிரைவாலியில் நார் அதிகம், ஆனால் புரதம் அரிசியில் இருக்கிற அளவுதான். பருப்பைக் குறைத்துவிட்டுக் குதிரைவாலி சாப்பிட்டால் பிள்ளைக்கு நஷ்டம்தான். பொட்டலம் வாங்காமல் மிச்சமாகும் பணத்தைத் துவரைக்கும் பாசிப்பருப்புக்கும் போடு. பேத்திக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்றால் கேழ்வரகு கொடு. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. மாப்பிள்ளை எடுத்த எடுப்பில் மூன்று வேளையும் மாற்றிவிடலாம் என்கிறார் போல. வேண்டாம் என்று சொல். திடீரென்று அவ்வளவு நார் போனால் வயிறு உப்பும், மறுவாரமே அலுத்துவிடும். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு ராத்திரி போதும், தண்ணீர் கூடக் குடிக்க வேண்டும்.

மாட்டுப் பொங்கல் கழிந்ததும் தானியம் களத்துக்கு வரும். நாலு வீடா, ஆறு வீடா என்று மார்கழிக்குள் கேட்டு எழுது. எத்தனை கிலோ என்று முன்கூட்டியே தெரிந்தால் வியாபாரி விலை சொல்வதற்கு முன்னால் கிலோ 42 என்று பேசி முடித்துவிடலாம். சாக்கு கொண்டுவர வேண்டாம், இங்கே இருக்கிறது.

அன்புடன்,
அப்பா